சேர்ந்தவரும் சேர்க்கப்பட்டவரும்: முதுமை, மனநலம், கட்டாயம் பற்றிய ஒரு சொல்வரலாறு

(நீண்ட பதிவு. சட்டம், சமூகப்பணி, உளவியல், மொழியியல் பயிலும் நண்பர்கள் பொறுமையுடன் வாசிக்கவும். பிழை காணின் சுட்டுக.)

பள்ளி இலக்கணத்தில் தன்வினை, பிறவினை என்ற பாகுபாட்டை நாம் அனைவரும் படித்திருக்கிறோம். திருந்தினார், திருத்தினார்; அடங்கினார், அடக்கினார்; சேர்ந்தார், சேர்த்தார். ஒரு மெல்லின மெய் வல்லின மெய்யாக மாறியதும் செயலின் உரிமை வேறொருவர் கைக்குப் போய்விடுகிறது. முதல் வினையின் எழுவாயாக இருந்தவர் இரண்டாம் வினையில் செயப்படுபொருள் ஆகிறார்.

மருத்துவமனையைப் பற்றிப் பேசும்போது இந்த வேறுபாட்டை நாம் அறியாமலே பின்பற்றுகிறோம். நடுவயது நண்பர் ஒருவரைப் பற்றி “ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறார்” என்று சொல்வோம். எண்பது வயதுத் தந்தையைப் பற்றிச் சொல்லும்போது “அப்பாவைச் சேர்த்திருக்கிறோம்” என்கிறோம். அவர் நல்ல நினைவோடு, தாமே நடந்து சென்றிருந்தாலும் பெரும்பாலும் அப்படித்தான் சொல்கிறோம். இந்தியாவின் மனநலச் சட்ட வரலாற்றைச் சேர்த்தலிலிருந்து சேர்தலை நோக்கிய மெதுவான நகர்வாக வாசிக்கலாம் என்பது என் கருத்து. அந்த நகர்வு முதியவரிடம் வந்து நின்றுவிட்டது என்பதைச் சொல்லவே இந்தப் பதிவு.

1. அடைக்கலமும் அடைப்பும்

பெங்களூரில் மனநோயாளருக்கான தனி நிலையம் 1847இல் தோன்றியது. மைசூரின் ஆட்சி அப்போது மன்னர் கையில் இல்லை. 1831 முதல் 1881 வரை அது பிரிட்டிஷ் ஆணையர்களிடம் இருந்தது. மார்க் கப்பன் ஆணையராக இருந்த காலத்தில் உருவான அந்த நிலையத்தின் பெயர் ‘பெங்களூர் லூனடிக் அசைலம்’. சென்னையில் அதற்கு அரை நூற்றாண்டு முன்னரே, 1794இல், கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் வாலன்டைன் கானலி இத்தகைய நிலையம் ஒன்றைத் தொடங்கியிருந்தார். கீழ்ப்பாக்கத்து நிலையம் 1871இல் திறக்கப்பட்டது.

‘அசைலம்’ என்ற சொல்லின் கிரேக்க வேர், ‘பிறர் வந்து பறித்துச் செல்ல இயலாத இடம்’ என்னும் பொருளுடையது. தமிழில் அடைக்கலம் என்று சொல்லலாம். ‘அடை’ என்ற வடிவம் தமிழில் ‘சென்று சேர்’ என்றும் பொருள்படும். ‘மூடு, பூட்டு’ என்றும் பொருள்படும். அடைக்கலம் அடைப்பாக மாற அதிக காலம் தேவைப்படவில்லை.

ஐரோப்பாவில் இதற்குள் வேறொரு விவாதம் முதிர்ந்திருந்தது. பாரிசில் பினெலும், யார்க் நகரில் டியூக் குடும்பத்தினரும் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே சங்கிலியைக் கேள்விக்கு உட்படுத்தினர். இலண்டனை அடுத்த ஹான்வெல் நிலையத்தில் ஜான் கோனலி 1839இல் உடலைப் பிணைக்கும் கருவிகளைக் கைவிட்டார். கட்டாமல் கவனித்துக்கொள்ள இயலும் என்பது பெங்களூர் நிலையம் தொடங்குமுன்பே பெரிய அளவில் செய்து காட்டப்பட்டிருந்தது. இந்தச் செய்தி முக்கியமானது. கட்டுதல் பழங்காலத்தின் அறியாமை என்றும், நாம் மெல்ல மெல்ல வெளிச்சத்துக்கு வந்துகொண்டிருக்கிறோம் என்றும் சொல்லப்படும் கதையை அது ஐயத்திற்கு உள்ளாக்குகிறது. மாற்று வழி தெரிந்திருந்த காலத்திலும் கட்டுதல் தொடர்ந்தது.

காலனி அரசின் கவலை பெரும்பாலும் தெருவைப் பற்றியது. 1858ஆம் ஆண்டின் 36ஆம் சட்டம், திரிந்தலையும் பித்தரையும் ஆபத்தானவராகக் கருதப்படுவோரையும் பிடித்து மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும் பொறுப்பைக் காவல் அதிகாரிகளிடம் ஒப்படைத்தது. மருத்துவமனையின் வாயிலுக்கு அழைத்துவந்த முதல் கை காவலரின் கையாக இருந்தது.

2. கையொப்பமிட்டவர் யார்?

1912ஆம் ஆண்டின் இந்தியப் பித்தர் சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவுக்காக இயற்றப்பட்டு, விடுதலைக்குப் பின்னும் பல பத்தாண்டுகள் நீடித்தது. அதன் மையம் ‘ரிசப்ஷன் ஆர்டர்’ எனப்பட்ட ஏற்பு ஆணை. கணவனோ மனைவியோ உறவினரோ மாஜிஸ்திரேட்டிடம் மனு அளிக்க வேண்டும். மனுதாரர் அதற்கு முந்தைய பதினான்கு நாட்களுக்குள் நோயாளியை நேரில் பார்த்திருக்க வேண்டும். இரண்டு மருத்துவச் சான்றிதழ்கள் இணைக்கப்பட வேண்டும். மனுவில் கையொப்பமிடுபவர் உறவினர், சான்றில் கையொப்பமிடுபவர் மருத்துவர், ஆணையில் கையொப்பமிடுபவர் நீதிபதி. யாரைப் பற்றிய தாள்களோ அவருடைய கையொப்பத்துக்கு அவற்றில் இடமில்லை.

ஆயினும் இதே சட்டத்தின் ஓரத்தில் ஒரு சிறு தன்வினை எழுதப்பட்டிருந்தது. ‘வாலன்டரி போர்டர்’ என்ற வகையினர் தாமே விரும்பிச் சேரலாம். வெளியேற விரும்புவதாக எழுத்தில் தெரிவித்தால் இருபத்துநான்கு மணி நேரத்துக்கு மேல் அவர்களை நிறுத்திவைக்கக் கூடாது. பின்னாளில் வந்த உரிமைகள் பலவற்றின் விதை இங்கே இருக்கிறது.

பெயர்கள் மாறின. பிரிட்டிஷ் இந்தியாவில் 1920களின் தொடக்கத்தில் ‘அசைலம்’ போய் ‘மென்டல் ஹாஸ்பிடல்’ வந்தது. மைசூர் அரசு 1925இல் பெங்களூர் நிலையத்துக்கும் அவ்வாறே பெயர் மாற்றியது. 1930களில் அது ஓசூர் சாலையிலுள்ள இன்றைய வளாகத்துக்குப் பெயர்ந்தது. 1954இல் அகில இந்திய மனநல நிறுவனம் அங்கே உருவானது, எம்.வி. கோவிந்தசாமி அதன் முதல் இயக்குநர். 1974 டிசம்பர் 27ஆம் நாள் மருத்துவமனையும் நிறுவனமும் இணைந்து நிம்ஹான்ஸ் ஆயின. ஊர் வழக்கு இவ்வளவு விரைவாக மாறவில்லை. கன்னடத்தில் ‘ஹுச்சாஸ்பத்ரெ’ என்றும் தமிழில் ‘பைத்தியக்கார ஆஸ்பத்திரி’ என்றும் சொல்வது நெடுங்காலம் நின்றது. ‘கீழ்ப்பாக்கம்’ என்ற ஊர்ப்பெயர் சென்னையில் வசைச்சொல்லாகவே ஆனது.

இந்தச் சட்டங்களில் முதியவர் எங்கே இருந்தார்? பித்தர் என்ற பொது வரையறைக்குள் அவர் அடங்கியிருக்கலாம். ஆனால் முதுமைக்கு உரிய இடமாகச் சட்டத்தில் நாம் காண்பது சொத்தைப் பற்றிய பகுதியே. 1858இலேயே மனநிலை பிறழ்ந்தோரின் சொத்து மேலாண்மைக்காக 35ஆம் சட்டம் என்று தனியாக ஒன்று இயற்றப்பட்டது. 1912, 1987 சட்டங்களும் சொத்துக்கு மேலாளரை நியமிப்பது பற்றி விரிவாகப் பேசின. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 32 ஆண்டுகள். நினைவு குன்றிய எண்பது வயதுக்காரர் பொதுப் பிரச்சினையாக இன்னும் உருவாகவில்லை. அவர் வீட்டுத் திண்ணையிலோ உள்ளறையிலோ இருந்தார். ‘டிமென்ஷியா’ என்ற மருத்துவச் சொல்கூடப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் முதுமையை மட்டும் குறிக்கவில்லை. எந்த வயதிலும் மனநோயின் முற்றிய நிலையை அது குறித்தது. அலாய்ஸ் அல்ட்ஸ்ஹைமர் தம் புகழ்பெற்ற உரையை நிகழ்த்தியது 1906இல். அந்த நோய்க்கு அவர் பெயரை எமில் கிரெப்லின் சூட்டியது 1910இல்.

3. குடும்பம் உள்ளே வருகிறது

விடுதலைக்குப் பிந்தைய இந்திய மனநல மருத்துவத்தின் மிகச் சிறந்த கண்டுபிடிப்பு எதுவென்று கேட்டால், குடும்பம் என்று பலர் சொல்வர். 1950களில் அமிர்தசரஸ் மருத்துவமனையில் வித்யா சாகர், நோயாளிகளுடன் அவர்களின் உறவினரையும் வளாகத்துக் கூடாரங்களில் தங்கவைத்தார். வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையம் 1957 முதல் அதே நெறியை வளர்த்தெடுத்தது. 1970களில் பெங்களூரிலும் குடும்பத்தோடு தங்கிச் சிகிச்சை பெறும் முறை வேரூன்றியது. பூட்டிய வார்டுகளில் ஆண்டுக்கணக்கில் கைவிடப்பட்டவர்களைக் கண்டிருந்த மருத்துவர்களுக்கு இது பெரும் விடுதலையாகத் தோன்றியிருக்க வேண்டும். அது விடுதலையும்கூட. உறவினர் உடனிருக்கும் இடத்தில் நோயாளி மறக்கப்படுவதில்லை.

ஆனால் வாயில் திறந்தபோது சாவி யார் கைக்குப் போனது என்பதையும் பார்க்க வேண்டும். 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் 1993 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 19ஆம் பிரிவு ஒரு புதிய வழியைத் தந்தது. தம் விருப்பத்தைத் தெரிவிக்காத, அல்லது தெரிவிக்க இயலாத ஒருவரை, உறவினரோ நண்பரோ விண்ணப்பித்தால், இரண்டு மருத்துவச் சான்றுகளின் பேரில், மாஜிஸ்திரேட்டிடம் போகாமலே தொண்ணூறு நாள் வரை சேர்க்கலாம். காவல் நிலையமும் நீதிமன்றமும் குடும்பத்துக்குத் தந்த அவமானத்தை இது குறைத்தது. அதே வேளையில் ‘சேர்த்தல்’ என்ற வினையின் எழுவாயாக அரசு இருந்த இடத்தில் குடும்பம் வந்து அமர்ந்தது.

அரசின் கட்டாயத்தை எதிர்க்க நமக்கு ஒரு மொழி இருக்கிறது: ஆட்கொணர்வு மனு, அடிப்படை உரிமை, மேல்முறையீடு. குடும்பத்தின் கட்டாயத்துக்கு அத்தகைய மொழி இல்லை. அதன் பெயரே வேறு. ‘பார்த்துக்கொள்கிறோம்’ என்பது அதன் பெயர். தமிழின் இந்தக் கூட்டுவினை அன்பையும் கண்காணிப்பையும் ஒருசேரச் சுமக்கிறது. “அம்மாவைப் பார்த்துக்கொள்கிறோம்” என்றால் ஊட்டிவிடுகிறோம் என்றும் பொருள். வெளியே போகாமல் காக்கிறோம் என்றும் பொருள். ‘காப்பகம்’ என்ற சொல்லையும் எண்ணிப் பாருங்கள். கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம், முதியோர் காப்பகம் என இரண்டு நிலையங்களுக்கும் நாம் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். அதில் காப்பும் உண்டு, காவலும் உண்டு.

மருந்தை உணவிலோ காப்பியிலோ கலந்து கொடுக்கும் வழக்கம் இந்தக் கலப்பின் கூர்மையான எடுத்துக்காட்டு. நோயாளி மருந்தை மறுக்கும்போது இந்தியக் குடும்பங்கள் என்ன செய்கின்றன என்பதைச் சென்னையிலிருந்து டி.என். சீனிவாசனும் ஆர். தாராவும் 2002இல் எழுதிய கட்டுரை வெளிப்படையாக விவாதித்தது. அவ்வாறு கலந்து கொடுப்பவர் கொடியவர் அல்லர். பெரும்பாலும் அவர் களைத்துப்போன தாய், மனைவி, மகள். அவருக்கு உதவ வேறு எவரும் வருவதில்லை. கட்டாயத்தைப் பற்றிய ஆய்வு குற்றவாளியைத் தேடும் விசாரணையாக மாறினால் இந்தக் களைப்பை அது தவறவிட்டுவிடும்.

4. ஏர்வாடியின் சங்கிலி

2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநல விடுதி ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்ப இயலாமல் 28 பேர் மாண்டனர். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. நாடெங்கும் இத்தகைய விடுதிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டது.

இது முன்னறிவிப்பின்றி வந்த பேரிடர் என்று சொல்ல இயலாது. தேசிய மனித உரிமை ஆணையத்தின் பொருட்டு நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் நாடெங்கும் மனநல மருத்துவமனைகளைச் சென்று பார்த்து அளித்த அறிக்கை 1999இலேயே வெளியாகியிருந்தது. சிறையை ஒத்த கட்டடங்களையும் உரிமையற்ற வாழ்வையும் அது பதிவுசெய்தது. அரசு மருத்துவமனைகளைப் பற்றி அறிந்திருந்தோம். அவற்றுக்கு வெளியே, உறவினர் பணம் கட்டி விட்டுச்சென்ற விடுதிகளைப் பற்றி எண்ணிப் பார்க்கவில்லை. ஏர்வாடியில் இறந்தோரில் பலரைச் சேர்த்தவர்கள் குடும்பத்தினரே. தர்காவில் குணமாகும் என்ற நம்பிக்கையும், வீட்டில் வைத்துப் பார்க்க இயலாத நிலையும் அவர்களை அங்கே கொண்டுவந்து சேர்த்தன.

ஏர்வாடிக்குப் பின் ‘சங்கிலி’ என்ற சொல் நம் பொதுநினைவில் கட்டாயத்தின் உருவமாகவே ஆகிவிட்டது. அதனால் ஒரு நன்மையும் ஒரு தீமையும் விளைந்தன. இரும்புச் சங்கிலியை இன்று எவரும் நியாயப்படுத்துவதில்லை. இரும்பினால் ஆகாத சங்கிலிகளை நாம் சங்கிலி என்று அழைப்பதும் இல்லை.

5. 2017: சட்டத்தில் தன்வினை

ஐ.நா.வின் மாற்றுத்திறனாளர் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007 அக்டோபரில் ஏற்றது. அதன் தொடர்ச்சியாக வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 ஏப்ரலில் இயற்றப்பட்டு 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. இதில் இலக்கணமே மாறுகிறது. சிகிச்சை பற்றி முடிவெடுக்கும் திறன் நோயாளிக்கு உண்டு என்பது தொடக்கப்புள்ளி. பிற்காலத்தில் தமக்கு எவ்வகைச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கலாம். தம் சார்பில் பேசுபவரைத் தாமே நியமிக்கலாம். விருப்பமின்றிச் சேர்ப்பது இப்போது ‘ஆதரவுடன் கூடிய சேர்க்கை’ எனப்படுகிறது. அதற்கு முதலில் முப்பது நாள் வரம்பு.

95ஆம் பிரிவு எவ்விதத்திலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. 97ஆம் பிரிவு தனிமைச் சிறையைத் தடுக்கிறது. உடலைக் கட்டுவதற்கு அது விதிக்கும் நிபந்தனைகள் கடுமையானவை. உடனடி ஆபத்தைத் தவிர்க்க வேறு வழியே இல்லாதபோது மட்டும் கட்டலாம்; மனநல மருத்துவரின் ஒப்புதல் வேண்டும்; தேவைக்கு மேல் ஒரு கணமும் நீடிக்கக் கூடாது; காரணமும் கால அளவும் பதிவாக வேண்டும்; நியமிக்கப்பட்ட பிரதிநிதிக்கு இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். தண்டனையாகவோ அச்சுறுத்தலாகவோ கட்டக் கூடாது. பணியாளர் பற்றாக்குறையும் கட்டுவதற்குக் காரணமாகாது.

இந்தக் கடைசி விதியை நான் வாசித்தபோது சிறிது நேரம் மேலே செல்ல இயலவில்லை. என் அம்மாச்சி தம் கடைசி ஆண்டில், நிமோனியா காய்ச்சலுக்காக ஒரு தனியார் பொது மருத்துவமனையில் ஒன்பது நாள் இருந்தார். நினைவு தடுமாறத் தொடங்கியிருந்தது. இரவில் ஊசிக்குழாயைப் பிடுங்கிவிடுகிறார் என்று இரண்டு மணிக்கட்டுகளையும் கட்டுத்துணியால் கட்டிலின் கம்பியோடு கட்டியிருந்தார்கள். கேட்டபோது செவிலியர் சொன்னது: “ராத்திரிக்கு நான் ஒருத்திதான்மா இருக்கேன்.” அவர் பொய் சொல்லவில்லை. அந்த வார்டில் உண்மையாகவே அவர் ஒருவர்தான். சேர்க்கையின்போது என் தாய் கையொப்பமிட்ட தாளில், தேவையான எல்லாச் சிகிச்சைக்கும் சம்மதம் என்ற ஒரு வரி இருந்தது. கட்டியதும் அதற்குள் அடங்கிவிட்டது.

அம்மாச்சி என்னைப் பார்த்ததும் சொன்ன வாக்கியம்: “கையக் கட்டிட்டாங்க, பாரு.” மருத்துவக் குறிப்பேடு இதைச் செயப்பாட்டு வினையில் எழுதும், கட்டியவர் அங்கே மறைந்துவிடுவார். நாள் என்ன, ஊர் என்ன என்று சொல்ல இயலாதவர் என்று கருதப்பட்ட அம்மாச்சியின் வாக்கியத்தில் ‘ஆங்க’ என்ற விகுதியில் கட்டியவர்கள் இருந்தார்கள்.

6. சட்டம் எட்டாத அறைகள்

அந்த வார்டு எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது? விடை எளிதன்று. 2017ஆம் ஆண்டின் சட்டம் மனநோயை வரையறுக்கும்போது சிந்தனை, மனநிலை, புலனுணர்வு ஆகியவற்றோடு இடம் காலம் பற்றிய உணர்வையும் நினைவையும் சேர்த்துக்கொள்கிறது. எனவே டிமென்ஷியா உடையவர் அந்த வரையறைக்குள் வரக்கூடியவர். ஆனால் அவரைக் காய்ச்சலுக்காகச் சேர்த்த பொது வார்டில் எவரும் அவரை மனநோயாளராகப் பதிவதில்லை. மனநோயாளர் அல்லாதவருக்கு மனநோயாளருக்குரிய பாதுகாப்பும் இல்லை. மனநல மருத்துவமனையில் ஓர் இளைஞரைக் கட்டினால் குறிப்பேடும் ஒப்புதலும் வேண்டும். தெருவைக் கடந்தால் உள்ள பொது மருத்துவமனையில் ஒரு மூதாட்டியைக் கட்டினால் அது ‘பாதுகாப்பு நடவடிக்கை’.

வீடோ முற்றிலும் வெளியே இருக்கிறது. நோயாளர் உறவினரோடு அல்லது நண்பரோடு வாழும் இல்லம் ‘மனநல நிலையம்’ ஆகாது என்று சட்டமே சொல்கிறது. குடும்ப வாழ்வைக் காவல்துறையின் பார்வையிலிருந்து காக்க அந்த விலக்கு தேவைதான். ஆனால் இந்தியாவில் டிமென்ஷியாவோடு வாழ்வோரில் மிகப் பெரும்பாலோர் வீட்டில்தான் இருக்கிறார்கள். 2023இல் வெளியான தேசிய அளவிலான மதிப்பீட்டின்படி அறுபது வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், டிமென்ஷியாவோடு வாழ்கிறார்கள். வெளியே தாழிட்ட கதவு, ஒளித்துவைத்த செருப்பு, மாலையில் கொடுக்கப்படும் தூக்க மாத்திரை ஆகியவை எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

முதியோருக்கென்று ஒரு சட்டம் உண்டு. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் பிள்ளைகள் மீது வாழ்க்கைப்படிக் கடமையைச் சுமத்துகிறது, மாவட்டந்தோறும் வறிய முதியோர் 150 பேருக்கேனும் இல்லம் வேண்டும் என்கிறது, கைவிடுவதைக் குற்றமாக்குகிறது. அது அஞ்சுவது கைவிடுதலை. பிடித்துவைத்தலைப் பற்றி அதற்குத் தனி விதி இல்லை. ஒரு சட்டம் மனநல வார்டைப் பார்க்கிறது. மற்றொன்று பெற்றோரை விட்டுப்போன பிள்ளையைப் பார்க்கிறது. பிள்ளைகள் விட்டுப்போகாத வீட்டில், அன்போடு பூட்டப்பட்ட அறையில் இருப்பவர் இரண்டின் கண்ணிலும் படுவதில்லை.

பிற நாடுகள் இந்த இடைவெளியை எவ்வாறு எதிர்கொண்டன? அமெரிக்காவில் 1987இல், அதாவது நமது மனநலச் சட்டம் இயற்றப்பட்ட அதே ஆண்டில், முதியோர் மருத்துவ இல்லங்களைச் சீர்திருத்தும் சட்டம் வந்தது. நோய்க்குறிக்குத் தேவைப்படாத உடற்கட்டும் மருந்துக்கட்டும் கூடாது என்பதை அது இல்லவாசியின் உரிமையாக்கியது. மனநோய்க்கான மருந்துகளை டிமென்ஷியா உடைய முதியவருக்குக் கொடுத்தால் இறப்பு அபாயம் கூடுகிறது என்று அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இல் எச்சரித்தது; 2008இல் பழைய வகை மருந்துகளுக்கும் அதை விரித்தது.

இங்கிலாந்தின் பாடம் வேறு. 1997இல் பேச்சற்ற ஆட்டிசம் உடைய ஒருவர் போர்ன்வுட் மருத்துவமனையில் வைக்கப்பட்டார். அவர் எதிர்ப்புக் காட்டவில்லை. ஆகவே எந்தச் சட்ட நடைமுறையும் பின்பற்றப்படவில்லை. எதிர்க்காமை சம்மதம் ஆகாது என்ற நிலைப்பாட்டை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2004இல் உறுதிசெய்தது. அதன் விளைவாக 2009இல் நடைமுறைக்கு வந்த சுதந்திரப் பாதுகாப்பு விதிகள், இல்லங்களில் வாழும் டிமென்ஷியா முதியோருக்கே மிகுதியாகப் பயன்படுத்தப்பட்டன. ஓர் ஆட்டிசக்காரருக்காகத் தொடங்கிய வழக்கு, இலட்சக்கணக்கான முதியவர்கள் கட்டாயத்தின் கீழ் வாழ்வதை வெளியே கொண்டுவந்தது. விண்ணப்பங்கள் மலைபோல் குவிந்து அந்த நடைமுறை திணறியது என்பதும் உண்மை. தாள்கள் பெருகுவதால் மட்டும் கை அவிழ்ந்துவிடாது.

7. எப்படிக் கேட்பது?

கட்டாயத்தை அளக்கும் ஆய்வுக் கருவிகளில் பெயர்பெற்றது 1990களில் அமெரிக்காவில் உருவான மெக்கார்த்தர் அளவுகோல். மருத்துவமனைக்கு வந்தது யாருடைய எண்ணம், தேர்வு யாருடையது, கட்டுப்பாடு யார் கையில் இருந்தது என்பனவற்றை அது நோயாளியிடமே கேட்கிறது. பெங்களூரிலும் நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் உள்நோயாளிகள் உணரும் கட்டாயத்தைப் பற்றி ஆராய்ந்துள்ளனர். 2018இல் வெளியான அவர்களின் ஆய்வில், கயிற்றையும் துணியையும்விட மருந்தே பரவலான கட்டாக இருந்தது. இந்தத் துறையில் நமக்கு உள்ளூர்ச் சான்றுகள் இருப்பதே பெரிய முன்னேற்றம்.

என் ஐயம் மொழி பற்றியது. “பிள்ளைங்க சொன்னாங்க, வந்தேன்” என்று ஒரு முதியவர் சொன்னால் அதை எந்தக் கட்டத்தில் குறிப்பது? ‘வந்தேன்’ தன்வினை. அதற்கு முன்னுள்ள ‘சொன்னாங்க’ அதன் விசையைக் குறைக்கிறது. “அவங்களுக்கு எதுக்குத் தொந்தரவு” என்பதையும் சேர்த்துச் சொன்னால் அது சம்மதமா, சரணடைதலா? தன்விருப்பம் என்பதைத் தனியாள் ஒருவரின் உடைமையாகக் கொண்டு அமைந்த வினாக்கள், விருப்பத்தை உறவுகளுக்கிடையே பங்கிட்டு வாழ்ந்த ஒருவரிடம் கேட்கப்படும்போது விடைகள் வழுவுகின்றன. இதைக் காரணம் காட்டி “நம் பண்பாட்டில் கட்டாயம் என்பதே இல்லை” என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. அம்மாச்சியின் விகுதி எனக்கு வேறு பாடம் கற்பித்திருக்கிறது. உறவுக்குள் வாழ்பவருக்கும் கை கட்டப்பட்டது தெரியும். கட்டியது யார் என்பதும் தெரியும்.

2017ஆம் ஆண்டின் சட்டத்தில் அதிகம் பேசப்படாத 17ஆம் பிரிவு ஒன்று இருக்கிறது. நோயாளரின் பிரதிநிதியாக இருப்பவர் அவருடைய இன்றைய விருப்பங்களையும் முந்தைய விருப்பங்களையும் வாழ்க்கை வரலாற்றையும் விழுமியங்களையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்று அது பணிக்கிறது. வாழ்க்கை வரலாறு என்ற சொல் ஒரு கடமையாகச் சட்டத்தில் எழுதப்பட்டிருப்பது என்னை நெகிழச் செய்தது. மாலையானதும் கதவைத் தட்டி “வீட்டுக்குப் போகணும்” என்னும் முதியவர் எந்த வீட்டைச் சொல்கிறார் என்பது தெரிந்தால், தாழிடுவதற்கு முன் அவரோடு சிறிது தூரம் நடந்துவிட்டு வரலாம். என் அம்மாச்சி நாற்பது ஆண்டுகள் பூக்கட்டியவர். கட்டுத்துணிக்குப் பதிலாகக் கையில் கொஞ்சம் நூலும் பூவும் கொடுத்திருந்தால் அந்த விரல்கள் குழாயை விட்டிருக்குமோ என்று இன்றும் எண்ணுகிறேன். அந்த வார்டில் அதைக் கேட்க எவருக்கும் நேரம் இருக்கவில்லை. எங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை.

செய்யக்கூடியவை சில உண்டு. டிமென்ஷியாவின் தொடக்க நிலையிலேயே முன்விருப்ப ஆவணத்தை எழுதவைப்பது. எழுபதாம் வயதில் உயிலைப் பற்றிப் பேசும் குடும்பங்களில் இதையும் பேசலாம். பொது வார்டிலும் முதியோர் இல்லத்திலும் கட்டினால், மனநல வார்டில் உள்ளதைப் போலவே ஒரு குறிப்பேடு வைப்பது. இரவுப்பணியில் செவிலியரின் எண்ணிக்கையை மனித உரிமைக் கேள்வியாக விவாதிப்பது. வீட்டில் பார்த்துக்கொள்பவருக்கு ஓய்வு கிடைக்கும்படி பகல்நேர மையங்களை அமைப்பது.

இத்துறையில் ஆய்வு செய்யும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் களக்குறிப்புகளில் முதியவர் சொன்ன வாக்கியத்தை அவருடைய வினைமுற்றோடு அப்படியே எழுதிவையுங்கள். ‘நோயாளர் சேர்க்கப்பட்டார்’ என்று மாற்றி எழுதிவிடாதீர்கள். யார் சேர்த்தார் என்பதை அவர் பெரும்பாலும் சொல்லியிருப்பார்.